அண்ணா, அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி

அண்ணா,

போன் பண்ணினால் எடுக்கமாட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி மட்டும் விழும். ஆனால் நான் இங்கே எழுதுவதையெல்லாம் நீ படிக்கிறாய் என்று அண்ணி சொன்னார், அதனால் இங்கேயே எழுதுகிறேன். சித்தப்பா வீட்டார் படிப்பார்கள், சபையில் இருப்பவர்கள் படிப்பார்கள், உன் ஆபீஸ் நண்பர்களில் நாலு பேர் படிப்பார்கள், அது தெரிந்துதான் எழுதுகிறேன். சில விஷயங்களைத் தொடாமல் போவேன், ஏன் என்று உனக்குப் புரியும். நீயும் போன வாரம் அவர்கள் எல்லாரும் பார்க்கும்படிதானே எழுதினாய்.

"நான் மருந்துக்கு ரோட்டில் நின்றேன், அங்கே வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்." பெயர் போடவில்லை. அப்பாவின் கட்டில் பக்கத்தில் வேதத்தோடு உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள்தான், அது யார் என்று நம் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் கீழே எத்தனை பேர் கைகூப்பிய படம் போட்டிருக்கிறார்கள் பார்த்தாயா? அவர்களில் ஒருவராவது அந்த இரவு நம்மோடு இருந்தார்களா?

சரி, கோபமாக எழுத வரவில்லை. அப்பாவின் ஐந்தாம் வருஷ நினைவு ஆராதனைக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. அரசு ரெம்டெசிவிர் ஊசி மருந்து விற்ற கீழ்ப்பாக்கம் கவுன்டர் வரிசையிலிருந்து நீ கூப்பிட்டபோது மணி இரவு பதினொன்று தாண்டியிருந்தது. ஊரடங்கு போட்டு இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது, தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அப்பாவின் சி.டி. ஸ்கேன் படத்தை மடங்காமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஆதார் நகல், ஆர்.டி.பி.சி.ஆர். ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாவற்றோடும் நீ காலையிலிருந்து அந்த வரிசையில் நின்றாய். என் அண்ணன் நின்றான் என்று இன்றைக்கும் யாரிடமும் சொல்வேன். சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் பத்து பேர் இருந்தால்கூட நாளைக்குப் போகலாம் என்று திரும்பி வந்துவிடுகிற ஆள் நீ. அப்பாவுக்காக ஒரு பகல், ஒரு இரவு, வெயிலில், அந்தக் கூட்டத்தில், அந்த நோயின் நடுவில் நின்றாய். அதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்போதுதான் வெளியே ஒருவன் ஆறு குப்பியும் கைவசம் இருக்கிறது என்றான். அரசு கவுன்டரில் ஒரு குப்பி 1,568 ரூபாய். அவன் கேட்டது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். "அம்மா வளையலை அடகு வை, இப்பவே ஜிபே பண்ணு, அரை மணி நேரத்தில் அவன் போயிடுவான்" என்று நீ கத்தினாய். அப்பாவின் ஆக்சிஜன் அளவு 86 காட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. நான் "பத்து நிமிஷம் கொடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் ஐந்து வருஷமாக நீ என்மேல் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

நான் என்ன செய்தேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அப்பாவின் வேதத்தை எடுத்து இரண்டாம் நாளாகமம் இருபதாம் அதிகாரத்தை வாசித்தேன். கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த இடத்தை எடுத்துக்கொள்வார்களே, அப்படி இல்லை. 2015 வெள்ளத்தின்போது அப்பா எதை வாசித்தார், வாசித்து முடித்ததும் எழுந்துபோய் என்னவெல்லாம் செய்தார் என்று நீயும் பார்த்தாய், அதனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று தேசத்துப் படை சேர்ந்து வருகிறது என்று செய்தி வருகிறது, யோசபாத் ராஜா பயப்படுகிறான். பயந்தான் என்று அப்படியே எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. பயந்தவன் சேனாதிபதியிடம் ஓடவில்லை, ஜனத்தின் நடுவில் நின்று, "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது" என்று ஜெபிக்கிறான். ஒரு ராஜா, பெண்களும் குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தெரியவில்லை என்கிறான். அதைத்தான் நான் அந்தக் கட்டிலின் காலில் சாய்ந்துகொண்டு சொன்னேன். கர்த்தாவே எனக்குத் தெரியவில்லை, பதறுகிறது, அண்ணன் ரோட்டில் நிற்கிறான், அப்பா மூச்சுக்குத் திணறுகிறார், எனக்குத் தெரியவில்லை.

அதைச் சொன்ன பிறகு வானத்திலிருந்து சத்தமெல்லாம் வரவில்லை. முந்தின நாள் அந்தச் சின்ன வயசு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் அதற்காக அலையாதீர்கள், ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கிறது, ஆக்சிஜன்தான் முக்கியம், குப்புறப் படுக்கவையுங்கள்" என்று அவர் நம் இரண்டு பேரிடமும்தான் சொன்னார். நாம் இரண்டு பேருமே முதல் வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு ஓட ஆரம்பித்தோம். அப்போதிலிருந்து நமக்காக யோசித்துக்கொண்டிருந்தது பயம்தான் அண்ணா, நீயோ நானோ இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல் பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார் என்று. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்த வசனம். அன்றைக்குத்தான் அது எனக்கு உண்மையாக நடந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாத பகுதி, ஏனென்றால் நீ கேட்கவில்லை. நான் செவிலியரைக் கூப்பிட்டு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டேன். காலை வரைக்கும் தாங்கும், அதற்குமேல் சொல்ல முடியாது என்றார். அந்த மாத ஆரம்பத்தில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் அத்தனை பேர் இறந்துபோனார்கள், ஆக்சிஜன் போதாமல்தான் என்று பேசிக்கொண்டார்கள், அது எல்லார் மனதிலும் இருந்தது. நம் உண்மையான பிரச்சனை அந்த ஆறு குப்பி இல்லை, காலையில் தீரப்போகிற காற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரசின் 104 உதவி எண்ணுக்கு அடித்தேன், லைன் கிடைக்கும் வரைக்கும் அடித்தேன், குழாய் ஆக்சிஜன் உள்ள படுக்கை கேட்டுப் பதிவு பண்ணினேன். அம்மாவும் நானும் அப்பாவைத் திருப்பிக் குப்புறப் படுக்கவைத்தோம், மார்புக்குக் கீழே தலையணை வைத்து. 86 மெதுவாக 91க்கு வந்தது. அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட்டு, வாங்காதே, அவன் கையில் இருப்பது மருந்தா தண்ணீரா என்று தெரியாது, இங்கே வா, அப்பாவைத் திருப்ப ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

நீ கேட்டது "வாங்காதே" மட்டும்.

வேதத்தில் நெகேமியாவை அவன் வேலை பார்த்த ராஜா உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறான். எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு மூச்சு நேரம். உடனே வாய் திறந்து, எருசலேமைக் கட்டப் போக வேண்டும், இத்தனை காலத்தில் திரும்பி வருவேன், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வனத்துக் காவலன் ஆசாப்பிடம் மரம் தரச்சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். பிற்பாடு எதிரிகள் வந்தபோது ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள், ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது. எசேக்கியா ராஜா வியாதியில் செய்தது ஜெபம், அவன் பிளவையின்மேல் ஏசாயா தீர்க்கதரிசி போடச்சொன்னது அத்திப்பழ அடை. நான் வேதத்தைத் திறந்தது ஆஸ்பத்திரியை மூடுவதற்கு இல்லை.

உனக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாரம் முழுக்க நமக்கு வந்த குரல் பதிவுகள். "வாதை உன் கூடாரத்தை அணுகாது", பதினைந்து பேர் அனுப்பியிருப்பார்கள். அடக்கம் முடிந்து வந்த பிறகும் ஒருவர் அனுப்பினார், யார் என்று இங்கே சொல்லமாட்டேன். அதே 91ஆம் சங்கீதத்தைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் சொன்னான், தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றார். ஒரு வரியைப் பிய்த்தெடுத்து அடுத்தவன் கையில் திணிக்கிறவர்கள்மேல் எனக்கும் உன் அளவுக்குக் கோபம் இருக்கிறது, ஒருவேளை உன்னைவிட அதிகம், ஏனென்றால் அது என் புத்தகம், அதை அவர்கள் கெடுக்கிறார்கள். ஆனால் அவர்களையும் என்னையும் ஒரே மூட்டையில் கட்டிப் போட்டாயே, அதுதான் தாங்க முடியவில்லை.

மருந்து விஷயத்தையும் பேசிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே யாராவது வந்து சண்டை போடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ரெம்டெசிவிரைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. 2022இல், முதலில் நோய் முற்றாத, ஆனால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும், பிறகு நோய் தீவிரமானவர்களுக்கும் கொடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. அதனால் அது வெறும் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை, அந்த வரிசையில் நின்றவர்கள் முட்டாள்கள் என்றும் சொல்லவில்லை. ஆக்சிஜனில் இருப்பவர்களுக்கு இறப்பைக் குறைக்கிறது என்று 2020 ஜூனிலேயே தெரிந்தது விலை மலிவான டெக்சாமெத்தசோன், அது அப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீ நின்ற வரிசையை மே 15ஆம் தேதி நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் கூட்டம் தாங்காமல் அடுத்த சில நாளிலேயே மருத்துவமனைகளுக்கு நேரடியாகக் கொடுக்கிறோம் என்று நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் அந்த இரவு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது டாக்டர் சொன்னதும் சிலிண்டரின் அளவும்தான், அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். இன்றைக்கு அதே இடத்தில் இருந்தாலும் அதையேதான் எடுப்பேன்.

அப்பா போய்விட்டார். ஆமாம். படுக்கை கிடைத்தது, குழாய் ஆக்சிஜன் கிடைத்தது, நாலு வார்த்தை பேசினார், உன் பெயரைத்தான் முதலில் கேட்டார், அப்புறம் போய்விட்டார். ஜெபித்தாயே, என்ன கிடைத்தது என்று மாடிப்படியில் என்னிடம் கேட்டாய். அப்பா பிழைப்பார் என்று கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, நானும் உனக்குக் கொடுக்கவில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கக்கடவன், கொடுக்கப்படும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறது. ஞானம் கேட்டேன், கொடுத்தார். உயிரும் கேட்டேன், அதற்கு வேறு பதில் வந்தது, அந்தப் பதிலோடு நான் ஐந்து வருஷமாக முழங்காலில் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், உனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைக்காதே.

உன்னை அந்த இரவில் அந்த ரோட்டில் தனியாக நிற்கவைத்ததற்கு மன்னித்துக்கொள். நான் அங்கே வந்திருக்க முடியாது, அப்பா பக்கத்தில் யாராவது இருக்கத்தான் வேண்டும், ஆனாலும் தனியாக நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். முடிவுக்காக மன்னிப்பு கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும். வரிசையில் உனக்கு முன்னால் நின்ற பாயைப் பற்றி அம்மாவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ரம்ஜான் மாதம், நோன்போடு நின்றார், சாயங்காலம் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து உனக்கும் ஒன்று கொடுத்தார், நடைபாதையில் துண்டை விரித்துத் தொழுதார், திரும்பி வந்து முண்டியடித்தவர்களையெல்லாம் நிதானமாகப் பேசி வரிசைப்படுத்தினார், அங்கே புத்தியோடு இருந்த ஒரே மனுஷன் அவர்தான் என்றாய். சொல்லும்போதெல்லாம் உன் குரல் இளகும். அவர் தொழுதுவிட்டு வந்தது நிதானம். உன் தங்கை ஜெபித்துவிட்டு எழுந்தது மட்டும் எப்படி அண்ணா சும்மா உட்கார்ந்திருந்ததாக ஆயிற்று?

பதில் இங்கே எழுத வேண்டாம், எல்லாரும் பார்ப்பார்கள். ஆராதனை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீ ஜெபத்துக்கு நிற்க வேண்டியதில்லை, உன்னை யாரும் எதுவும் கேட்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவின் கல்லில் வசனம் வேண்டாம் என்று நீ சொன்னதால் பெயரும் வருஷமும் மட்டும்தான் இத்தனை நாள் இருக்கிறது. யோசபாத்தின் அந்த வரியைப் பொறிக்க இப்போது கல்தச்சரிடம் சொல்லிவிட்டேன், அம்மாவும் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமை வேலை தொடங்குகிறார். உனக்கு ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன்னால் என்னை நேரில் வந்து பார்த்துச் சொல், கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் கேட்கமாட்டேன்.

உன் தங்கை