தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் 'காரில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் கார் சூடாகிப் பட்டறைக்கு வந்தபின் நம்மூரில் நடக்கும் மூன்று வேலைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓரமாகப் போடுவது, ரேடியேட்டர் ஃபேனுக்கு சென்சாரைத் தவிர்த்து டைரக்ட் லைன் கொடுப்பது, கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி அனுப்புவது. மூன்றும் அன்றைக்கு டெம்பரேச்சர் முள்ளை இறக்கிக் காட்டும். எது கெட்டது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது மெழுகு. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் அது உருகி விரிந்து வால்வைத் திறக்கத் தொடங்கும். இதை எடுத்துவிட்டால் இன்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசிஎம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். இன்னொன்றைப் பல மெக்கானிக்குகளே கவனிப்பதில்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்கு வழி திறக்கும்போதே அடிப்பக்கத் தட்டால் பைபாஸ் வழியை மூடும். அது இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சமவெளியில் சமாளிக்கும் அந்தக் கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கொதிக்கத்தான் செய்யும்.

சந்தேகம் இருந்தால் சோதிக்கலாமே. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் 8 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட். திறக்கவில்லையென்றால் புதியது வாங்கிப் போடுங்கள், புது ரப்பர் ரிங்கோடு.

எதையும் கழற்றுமுன் ஓட்டுபவரிடம் கேட்க வேண்டியது, 'எப்போது சூடாகிறது?' என்பதுதான். டிராபிக்கில் நின்றால் ஏறி, ஹைவேயில் ஓடினால் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் ஃபேன். ஹைவேயிலும் மேட்டிலும் ஏறுகிறதென்றால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: அடைத்த ரேடியேட்டர், பாதியில் சிக்கிய தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், கூலன்ட் டேங்கில் குமிழி நிற்காமல் வருவதும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போனதற்கான அடையாளங்கள். அங்கே தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபேன் சுற்றாவிட்டால் முதலில் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் ஓடியாக வேண்டும். ஓடினால் மோட்டாரும் அதன் வயரிங்கும் பெரும்பாலும் நலம், சென்சார் பக்கம் பாருங்கள். ஓடாவிட்டால் ஃபியூஸ். பிறகு ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன மின்சுவிட்ச்: அதே எண் உள்ள ஹார்ன் ரிலேயை இடம் மாற்றிச் செருகினால் அரை நிமிடத்தில் விடை தெரியும். அதுவும் சரியென்றால் ஃபேன் கனெக்டரைப் பிரித்து, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால்தான் மோட்டார் குற்றவாளி. பல கார்களில் டெம்பரேச்சர் சென்சார் பிளக்கை உருவினாலே இசிஎம் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டிவிடும். அதுவும் ஒரு சோதனைதான்.

இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். இதைவிட்டு டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய வயர் இழுத்து டைரக்ட் கொடுப்பது ஆபத்து. ஃபேன் மோட்டார் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். ரிலே இல்லாத சுவிட்சும் வயரும் உருகுவதற்கு அது போதும்.

தண்ணீர் விஷயத்தில் 'இங்கே பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நம் வெயிலுக்குத் தேவை, கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியம் அரிக்காமல் தடுப்பதும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தில் குழி விழவைக்கும். கான்சன்ட்ரேட் வாங்கினால் சரிபாதி டிஸ்டில்ட் வாட்டர் கலக்க வேண்டும். கலக்காமல் முழுதாக ஊற்றுவதும் தவறு, ஏனென்றால் கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் தனியாக இருந்தால் தண்ணீரைப் போலச் சூட்டை ஏந்திச் செல்லாது. ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலிங்கில் விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ரேடியேட்டர் மூடியும் முக்கியம். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. வாஷர் கிழிந்த மூடியில் அந்த லாபம் போய்விடும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே ஆஃப். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் தொடாதீர்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில், ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கையை விடாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் முனையில் உள்ள கார்களில், அது சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. கோளாறு படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தாலும் பெரும்பாலும் அதே சங்கதிதான். விலை பேசுமுன் அதை யார் கழற்றினார்கள், எதற்காகக் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கார் பட்டறை நடத்தும் வாசகர்,
நாமக்கல்