தை மாத வெட்டுக்கு மாசியில் விலை வேண்டாம்

நிதி அமைச்சையும் வைத்திருக்கும் ஜனாதிபதி அவர்களுக்கு,

மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கத்து வயற்காரன் ஒருவன் எழுதுகிறேன். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் என்ன வரும் என்ற பேச்சு தேநீர்க்கடையில் எடுபட்டால் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: “நாம வோட்டுப் போடல்லயே, நம்மளுக்கு என்னத்தத் தரப்போறாங்க?” 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 உங்கள் பக்கம் சாய்ந்தன. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியை முன்னுக்கு விட்டது. பக்கத்து அம்பாறையில் நீங்களே முதலிடம். ஆனால் நெல் விலை என்று வந்தால் இரண்டு மாவட்டமும் ஒரே நிலையில்தான் கிடக்கின்றன.

அள்ளிக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. சர்வதேச நாணய நிதியத்துக்குச் சொன்னபடி, கடன் வட்டி நீங்கலாக, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும் என்பது இங்கேயும் தெரியும். அந்த மிச்சத்தில் எங்கள் காசும் கிடக்கிறது. 2022 மே மாதம் 8 சதவீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. அதற்கு முதலே 2021 இரசாயன உரத்தடை எங்களைச் சாய்த்துவிட்டது. அது உங்கள் ஆட்சி இல்லை, சரி.

எங்கள் குறை நாள் பற்றியது. இங்கே பெரும்போக (மாரிகால) நெல் வெட்டு தை மாதமே, ஜனவரியிலேயே, தொடங்கிவிடும். 2025இல் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய், சம்பாவுக்கு 125 என்று அரசாங்கம் விலை அறிவித்தது பெப்ரவரி 5ஆம் திகதி. அதற்குள் வட்டையில் (வயல்வெளியில்) பாதி நெல் கைமாறிவிட்டது. வெட்டு மெசின் வரம்பை விட்டு ஏறும்போதே வியாபாரியின் லொறி வந்து நிற்கும். மூடைக்குள் கையை விட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, “ஈரம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மூடைக்கு இத்தனை கிலோ கழிவு. கொடுக்காமல் என்ன செய்வது? மெசின்காரன் காசுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான், உரக்கடைக் கடன் அப்படியே இருக்கிறது. அரச களஞ்சியத்தில் அந்த விலை கிடைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தை மழையில் அந்த 14க்கு நெல்லை இறக்க எங்களிடம் இருப்பது தார் றோட்டு மட்டும்தான்.

ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் உர மானியம் தந்தீர்கள், நல்லது. ஆனால் வெட்டு நாளில் கழிவாகப் போவதையும் அதனோடு சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்?

ஆகவே நெல் கொள்வனவுப் பணத்தைக் கிழக்குக்கு மார்கழி முடிவதற்குள் விடுவியுங்கள். விலையை ஐப்பசி விதைப்போடு சொல்லுங்கள். புதுக் கட்டடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் மாகாணசபைத் தேர்தல் நெருங்கும்போது எப்படியும் வரும் (கிழக்கில் சபை கலைந்தது 2017இல், அந்தத் தேர்தல் எப்போது என்பது வேறு கதை). அந்தக் காசில் ஒரு பங்கை நெல் உலர்த்தும் இயந்திரங்களுக்கு ஒதுக்குங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் எங்கள் படுவான்கரைக்கும் அம்பாறைக்கும் சேர்த்து.

அப்புறம், களஞ்சியம் திறக்கிற திகதியையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். மெசின்காரனுக்கு நாங்கள் நாள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவன்