எண்ணை எடுத்துவிட்டால் ஆளை எப்படி அடையாளம் காண்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் பயனர்பெயர் முறை மாறியது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எதிர்ப்பவர்கள் எல்லாம் பழகியதை விட மனமில்லாமல் சிணுங்கும் கணினி விளையாட்டுப் பிள்ளைகள் என்பதுபோல் இருந்தது அதன் தொனி. எனக்குக் கணினி விளையாட்டு எதுவும் தெரியாது. அங்கே ஒரு வாசிப்புக் குழுவை நிர்வகிக்கிறேன், அவ்வளவுதான். எனக்கும் இதில் ஆட்சேபம் உண்டு.

2015-இல் டிஸ்கார்ட் தொடங்கிய காலத்திலிருந்து எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ள முடிந்தது, தமிழ் எழுத்தில்கூட. பெயருக்குப் பின்னால் ஹாஷ் (#) குறியோடு நாலு இலக்க எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே பெயரில் 9,999 பேர் இருக்க முடிந்தது. எண்ணை வைத்து ஆளைப் பிரித்தறிந்தோம். 2023 மே மாத அறிவிப்பின்படி அந்த எண் போய்விட்டது. இப்போது ஒரு பெயர் ஒருவருக்கு மட்டும். அதிலும் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர வேறெதுவும் வரக்கூடாது.

நிறுவனம் அப்போது சொன்ன சிக்கல் உண்மையானதுதான். 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பயனர்களுக்குத் தங்கள் எண் நினைவில் இருக்கவில்லை, அல்லது அது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. நட்பு அழைப்புகளில் ஏறக்குறைய பாதி உரியவரைச் சேரவில்லை என்றார்கள். எங்கள் குழுவிலேயே ‘உங்க நம்பர் என்ன?’ என்று கேட்டால் கைப்பேசி எண்ணைச் சொன்னவர்கள் உண்டு. சரி, அதற்குத் தட்டினால் சேர்கிற ஓர் இணைப்போ கியூஆர் குறியீடோ கொடுத்திருந்தால் போதுமே. எல்லாருக்கும் மறுபடி பெயர் சூட்டுவானேன்?

காட்சிப்பெயரை, அதாவது திரையில் மற்றவர்களுக்குத் தெரியும் பெயரை, தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் அதே காட்சிப்பெயரை இன்னொருவரும் வைக்கலாம். இவர் அவர்தானா என்று உறுதிசெய்ய ஆங்கில எழுத்துப் பெயரைத்தான் பார்த்தாக வேண்டும். கயல்விழி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்டும் எச்சும் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். இந்த இரண்டும் போய்விட்டால் மூன்றாவது கயல்விழி அடிக்கோடு போடுவார். நான்காமவர் பிறந்த வருடத்தைச் சேர்ப்பார். எண்ணை ஒழிக்கிறேன் என்று கிளம்பி, ஆளாளுக்கு ஓர் எண்ணைத் தேடி ஒட்டிக்கொள்ள வைப்பதில்தான் இது முடியும்.

அடிக்கோடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வேறொரு தளத்தில் (பெயர் எதற்கு?) என் பயனர்பெயரின் முடிவில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து, என் படத்தையும் போட்டு, தெரிந்தவர்களிடம் யாரோ கடன் கேட்டார். ஒருவர் பணமும் அனுப்பிவிட்டார். கைப்பேசித் திரையில் அந்தக் கோடு மயிரிழை போலத்தான் தெரிகிறது. பழைய முறையிலும் போலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாலு இலக்கமும் வேறாக இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

புதிய பெயரைத் தேர்வதற்கு அப்போது வகுத்த வரிசையும் உறுத்துகிறது. முதலில் சேர்ந்தவருக்கு முதலில் என்றார்கள், அது நியாயம். டிஸ்கார்டின் கட்டணச் சேவையான நைட்ரோவுக்குச் சந்தா கட்டியவர்களுக்கும் முன்கூட்டியே வாய்ப்புக் கொடுத்தார்கள். நல்ல பெயரெல்லாம் யாரிடம் போயிருக்கும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. அப்புறம் அந்தப் பெயர்களே விலைபொருளாகும், திருட்டுக்கு இலக்காகும். 2012-இல் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் மூன்றெழுத்து ட்விட்டர் பெயருக்கு ஆசைப்பட்டு, அவருடைய கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி மூன்றிலும் இருந்ததையெல்லாம் தொலைவிலிருந்தே அழித்தார்கள். 2020-இல் பெருந்தலைகளின் ட்விட்டர் கணக்குகளில் பிட்காயின் மோசடி நடந்ததே, அந்தக் கும்பலும் முதலில் கைவைத்தது குட்டிப் பெயர்களில்தான்.

தொல்லை கொடுப்பவர்களிடமிருந்து ஒதுங்கியிருப்பவர்களுக்கும் அந்த எண் உதவியது. மற்ற தளங்களில் புழங்கும் பெயரையே இங்கே வைத்திருந்தாலும், எண் தெரியாமல் பெயரை மட்டும் வைத்து அழைப்பு அனுப்ப முடியாமல் இருந்தது. இப்போது பெயர் தெரிந்தால் போதும். செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் நட்பு அழைப்புகளைக் கட்டுப்படுத்த வழியுண்டு. எத்தனை பேர் அங்கே போகிறார்கள்?

மாற்றம் எப்படியோ வந்துவிட்டது. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பெயரை மாற்றுவது செயலிக்குள்ளேயேதான் நடக்கும், ‘உங்கள் பெயரைப் பிடித்துவைக்க இங்கே அழுத்துங்கள்’ என்று யாராவது இணைப்பு அனுப்பினால் தொடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசிப்புக் குழு நிர்வாகி