மீனாவுக்கு, சிஸ்டர் ஜேன் பற்றி

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே அம்மா நன்றாக இருக்கிறார். சின்னவன் வேலை மாறி ஓசூர் போய்விட்டான், வீட்டில் சத்தமே இல்லை, அதனால் படிப்பு கூடியிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தெரு நாய்க்கெல்லாம் சோறு வைக்கிறவளுக்கு நரி வேட்டைக் கதை படிக்க எப்படி மனசு வருகிறது என்று எழுதியிருந்தாய். ரீட்டா மே பிரவுன் எழுதும் சிஸ்டர் ஜேன் துப்பறியும் நாவல்கள் 2000-இல் 'அவுட்ஃபாக்ஸ்ட்' என்ற புத்தகத்தில் தொடங்குகின்றன. கதை நடப்பது அமெரிக்காவில், வர்ஜீனியாவின் புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில். அங்கே நரியைத் துரத்துவதுதான் நோக்கம், கொல்வது இல்லை. நரி வளைக்குள் புகுந்ததும் கொம்பு ஊதி, நாய்களைத் தட்டிக்கொடுத்து, அடுத்ததைத் தேடிப் போய்விடுகிறார்கள். கதாநாயகி சிஸ்டர் ஜேன் தன் பக்கத்து நரிகளுக்குத் தீனி வைக்கிறாள், அதில் குடற்புழு மருந்தும் கலந்து வைக்கிறாள். இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது, நாய்கள் நரியைக் கடித்தே கொன்றன. 2004-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், அது நல்ல காரியம். ஏன், உங்கள் ஊட்டியிலேயே வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு நரிக்குப் பதிலாக, ஓநாய்க்குத் தம்பி மாதிரி இருக்கும் நம் ஊர் நரியை (ஆங்கிலத்தில் ஜாக்கல்) வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நாய்களை விட்டுத் துரத்தியவர்கள்தானே. கொல்லாவிட்டாலும் ஓடுகிற நரிக்குப் பயம் இருக்காதா என்று நீ அடுத்துக் கேட்பாய். நியாயம்தான். நாவலில் நரிகள் பேசும், இது தங்களுக்கும் விளையாட்டுதான் என்று சொல்லும். ஆசிரியரே வர்ஜீனியாவில் ஒரு வேட்டைக் குழுவுக்கு மாஸ்டர், அதாவது தலைவர், அவர் அப்படித்தான் எழுதுவார். அந்த இடத்தை நான் முழுசாக ஏற்கவில்லை.

ஆனாலும் விடாமல் படிக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் சிஸ்டர்தான் மீனா. எழுபதைத் தொட்டவள், கணவனையும் ஒரே மகனையும் பறிகொடுத்தவள், இன்னும் குதிரையில் வேலி தாண்டுகிறாள், ஜெஃபர்சன் என்ற அவளுடைய வேட்டைக் குழு மொத்தமும் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. யாரும் அவளை உட்கார வைத்துப் பரிதாபப்படுவதில்லை. காலையில் எழுந்ததும் அவள் பார்ப்பது வானிலையை. காற்று காய்ந்து பலமாக வீசினால் நாய்கள் மோப்பம் பிடிக்கும் நரி வாடை நிற்காது, ஈரமும் குளிரும் இருந்தால் தரையோடு தங்கும். நரி மாட்டு மந்தைக்குள் புகுந்து ஓடினால் மாட்டு வாடையில் அதன் வாடை அழிந்துவிடும், நாய்கள் திகைத்து நிற்கும். அந்த நாய்களை இரண்டிரண்டாகத்தான் எண்ணுவார்கள்; ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் பெயர், டயானா, டாஷர், டிராகன் என்று. ஒவ்வொன்றின் குரலும் அவளுக்குத் தெரியும். எது குரைத்தால் நம்பலாம், எது அவசரக்குடுக்கை என்பதுகூடத் தெரியும்.

கொலைக்கும் இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஐம்பது பேர் குதிரைமேல் கிளம்புகிறார்கள், காடு, பனிமூட்டம், ஓடை, யார் எந்தப் பக்கம் பிரிந்து போனார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்புறம் பணம். வேட்டை போகிற நிலம் பாதிக்கு மேல் ஊராருடையது, அவர்கள் அனுமதித்தால்தான் உண்டு, அதனால் மாஸ்டர் என்பவள் பணக்காரன், பழைய குடும்பம், விவசாயி எல்லாரையும் அனுசரித்துப் போக வேண்டும். முதல் நாவலில் இணை மாஸ்டர் பதவிக்கு இரண்டு பணக்காரர்கள் மோதிக்கொள்கிறார்கள், ஒருவர் செத்துப்போகிறார். கொன்றவன் தன்னோடு சேர்ந்து வேலி தாண்டியவன், தன் வீட்டில் சாப்பிட்டவன் என்று தெரிந்துகொண்டே அவள் அடுத்த வேட்டைக்குத் தலைமை தாங்குகிறாள் பார், அங்கேதான் எனக்குப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

மிருகங்கள் பேசுவது சின்னப்பிள்ளைத்தனமாக இருக்குமோ என்று தயங்காதே. நரி, காகம் என்றால் நமக்கு வடைக் கதைதான் ஞாபகம் வரும். இங்கே ஒரு காகம் ஒரு நரியை ஜென்மப் பகையாக வெறுப்பதற்குக் காரணம், தன் துணையை அது கொன்றது. மனிதர்கள் மறைப்பதை மிருகங்கள் பார்த்துவிடுகின்றன, ஆனால் அவற்றால் மனிதரிடம் சொல்ல முடியாது. வாசிக்கிற நமக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்.

எல்லாப் புத்தகமும் ஒரே தரம் இல்லை. பின்னால் வந்த சிலவற்றில் பேச்சு நீண்டுகொண்டே போகிறது, கொலைகாரன் யார் என்று பாதியிலேயே ஊகித்துவிடலாம். முதல் இரண்டு போதும் உனக்கு, இரண்டாவது 2002-இல் வந்த 'ஹாட்ஸ்பர்'. ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னான், அவனிடம் முதல் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். தொடக்கத்தில் பெயர்கள் குழப்பும். முன்பக்கத்திலேயே மனிதர்கள், நாய்கள், குதிரைகள், நரிகள் என்று பட்டியல் இருக்கிறது, அங்கே விரலை வைத்துக்கொண்டு படி. படித்து முடித்ததும் போன் பண்ணாதே, கடிதமே எழுது.

அன்புடன்,
சாந்தி