மானுக்கு வைக்கும் தீனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் வாசகன் நான். இங்கு நவம்பர் 15 அன்று துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பே பெட்ரோல் நிலைய வாசல்களில் கேரட், மக்காச்சோளம், சுகர் பீட் மூட்டைகளை அடுக்கிவிடுகிறார்கள். இவற்றைக் காட்டில் ஓரிடத்தில் கொட்டிவைத்து, தின்னப் பழகிய மான்களை மறைவில் இருந்து சுடுவது நெடுநாள் வழக்கம். மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பத்தில், மாற்றுத்திறனாளிகள் வேட்டையாட ஒதுக்கிய சில நாள்கள் நீங்கலாக, இது 2019 ஜனவரி 31 முதல் தடை செய்யப்பட்டது. தடையை நீக்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2020இல் ஆளுநர் க்ரெட்சன் விட்மர் நிராகரித்தார். ஆனாலும் நீக்கக் கோரும் குரல் ஓயவில்லை. அந்தக் கோரிக்கைக்கு எந்நாளும் இணங்கக் கூடாது என்பதே என் கருத்து.

வேட்டையை எதிர்த்து நான் எழுதவில்லை. ஓநாய்க் கூட்டங்கள் இல்லாத இந்தக் கீழ்த் தீபகற்பத்தில் மான்களின் பெருக்கத்தை வேட்டைக்காரர்களே கட்டுப்படுத்துகிறார்கள். தீனி இருந்தால் மான் அருகில் வந்து அசையாமல் நிற்கும், குறி தவறாது, காயத்தோடு தப்பியோடி வதைபடாது என்று முதியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் தீனிக் குவியல் என்பது எச்சில் குவியல். ஒருவர் எச்சில் மற்றவருக்கு ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்டில் உதிர்ந்து பரவிக் கிடக்கும் ஓக் கொட்டைகளை மான்கள் அங்கங்கே பொறுக்கித் தின்னும்; கொட்டிவைத்த குவியலிலோ பல மான்கள் நாள்தோறும் ஒரே இடத்தில் வாய் வைக்கின்றன. 1994இல் அல்பீனா அருகே சுடப்பட்ட மானில் மாட்டுக் காசநோய் கண்டறியப்பட்டது. அந்நோய் பண்ணை மாடுகளுக்கும் பரவியதால், மாட்டுக் காசநோய் இல்லாத மாநிலம் என்ற தகுதியை 2000இல் மிச்சிகன் இழந்தது. 2015இல் இங்காம் மாவட்டத்துக் காட்டு மான் ஒன்றில் அதைவிடக் கொடிய நாள்பட்ட மெலிவு நோய் தென்பட்டது. பிரையான் என்னும் திரிந்த புரதத்தால் வரும் இந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் நோயுற்ற மானின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும்கூட அப்புரதம் வெளியேறி, மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கிறது. குவியலை அள்ளிவிட்டாலும் அந்த இடம் தூய்மையாகிவிடாது.

இதைத் தமிழ் இதழுக்கு எழுதக் காரணம் உண்டு. இம்மாநிலத்தின் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில, கொல்லைக்கு வரும் மான்களுக்குப் பரிவோடு சோளமும் பழங்களும் வைக்கின்றன. வாயில்லா உயிருக்கு உணவிடுவது புண்ணியம் என்று எண்ணி நானும் இரண்டு குளிர்காலங்கள் அப்படி வைத்தேன். சுடுவதற்காக வைத்தாலும் அன்பினால் வைத்தாலும் நோய் பரவும் வழி ஒன்றுதான். கீழ்த் தீபகற்பத்தில் தடையும் இரண்டுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. மேலும், பனிக்காலத்தில் மரக்கிளைகளையும் மொட்டுகளையும் தின்று பழகிய வயிற்றில் திடீரெனச் சோளம் நிறைந்தால், அமிலம் மிகுந்து மான் இறந்துபோவதும் உண்டு.

தங்கள் வாசகர்களின் உறவினர்கள் இங்கே இருப்பின் இதை அவர்களுக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். நான் நிறுத்திவிட்டேன். பழகிய மான்கள் இன்னும் வேலியோரம் வந்து வீட்டைப் பார்த்தபடி நிற்கின்றன. கதவைத் திறக்காமல் இருப்பது எளிதாக இல்லை.

இப்படிக்கு,
மிச்சிகன் வாசகன்