சிறிய கார்களும் நட்சத்திர மதிப்பீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எரிபொருளை மிச்சப்படுத்தும் மிகச் சிறிய கார்களின் பாதுகாப்புக்குத் காரை அசையாத தடுப்பில் மோதவிடும் சோதனையின் நட்சத்திர மதிப்பீட்டையே சான்றாகக் காட்டுவோர், அச்சோதனையில் ஒரு கார் தன் சொந்த எடைக்கும் வேகத்துக்கும் உரிய ஆற்றலை மட்டுமே தாங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. சாலையில் எதிரே வருவதோ வேறொரு வாகனம். 800 கிலோ காரும் 1,600 கிலோ காரும் தலா மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதிச் சிக்கிக்கொண்டால், கனமான காரின் வேக மாற்றம் மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். பின்னோக்கித் தள்ளப்படும் சிறிய காருக்கோ அது 67; வேக மாற்றம் கூடக் கூட உள்ளிருப்போருக்கான ஆபத்தும் கூடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2009இல் இதைச் சோதித்தபோது, தடுப்புச் சோதனையில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த ஸ்மார்ட் ஃபோர்டூ என்ற மிகச் சிறிய கார், அதைவிடக் கனமான மெர்சிடிஸ் சி-கிளாஸ் காருடன் மோதி மிக மோசமான மதிப்பீட்டையே பெற்றது. பயணிகளைச் சூழ்ந்த அதன் கூடு உறுதியாக வடிவமைக்கப்பட்டதுதான். நசுங்கி ஆற்றலை உள்வாங்க முன்புறத்தில் இடம்தான் குறைவு.

நானும் சிறிய கார் ஓட்டுபவன்; அதை விற்கும் எண்ணமில்லை. எடையைக் கூட்டிக்கொண்டே போகும் பெரிய வாகனங்களுக்கும் இந்த ஆபத்தில் பங்குண்டு அல்லவா? நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே, அம்மதிப்பீடு ஒத்த எடையுள்ள கார்களுடன் ஒப்பிடுவதற்கு மட்டுமே பொருந்தும் என்று விளம்பரங்களில் தெளிவாக அச்சிடச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்