அமந்தானியில் பேசுவது வட்டாரப் பேச்சு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பெரு நாட்டுப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டிட்டிகாக்கா ஏரியில் இருக்கும் அமந்தானி தீவைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதினாரே என்று முதலில் சந்தோஷம்தான். ஆனால் அதே தீவில் ஒரு குடும்பத்தோடு மூன்று இரவு தங்கி, அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவள் நான். இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

முதலில் மொழி. தீவு மக்கள் "ஏதோ ஒரு வட்டாரப் பேச்சில்" பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அவர்கள் பேசுவது கெச்சுவா. இன்கா பேரரசு ஆட்சி நடத்திய மொழி அது. அவர்களே அதை ரூனாசிமி, அதாவது மனிதர்களின் மொழி என்பார்கள். 1975-இல் பெரு அரசு அதை ஆட்சிமொழியாக ஏற்றது. 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 38 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகப் பதிந்திருக்கிறார்கள். அதே ஏரியில் நாணல் மிதவைகளில் வாழும் ஊரோஸ் மக்களையும் அமந்தானிக்காரர்களையும் கட்டுரை ஒன்றாக்கிவிட்டது. ஊரோஸ் மக்கள் பேசுவது அய்மாரா, முற்றிலும் வேறு மொழி. நம் தாய்மொழியை யாராவது "ஏதோ ஒரு பேச்சு" என்று சொன்னால் நமக்கு எப்படிச் சுருக்கென்று தைக்கும்?

நான் தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் "மாமாய்" என்றுதான் கூப்பிட்டார்கள். கெச்சுவாவில் மாமா என்றால் அம்மா. என் தமிழ் நாக்குக்கு அது பழக ஒரு நாள் ஆனது. தீவின் இரண்டு உச்சிகளுக்கும்கூட பச்சமாமா, பச்சதாதா என்றுதான் பெயர். பூமித்தாய், பூமித்தந்தை.

இரண்டாவது, "வறுமையிலும் சிரிக்கும் வெள்ளந்தி மக்கள்" என்ற வர்ணனை. இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

ஏரியின் நீர்மட்டமே 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். படகுத்துறையிலிருந்து வீட்டுக்குக் கற்படிகளில் ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை நான் மூச்சு வாங்கி நின்றேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் மாமாய். முதுகில் துணியில் என் பையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கையில் தக்ளி மாதிரி ஒரு கதிர் சுழல, கம்பளி நூல் நூற்றுக்கொண்டே ஏறினார். நான் நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். கதிர் மட்டும் நிற்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தலை பிளந்தது. முன்யா என்று ஒரு செடி, புதினா போல வாசனை. அதை ஒரு கொத்து காம்போடு கிள்ளிப் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் கீன்வா என்ற தானியத்தில் கஞ்சி, பொரித்த பாலாடைக்கட்டி, தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு. மஞ்சள், ஊதா, கறுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். உருளைக்கிழங்கு உலகத்துக்குப் போனதே இந்த ஆண்டிஸ் மலைகளிலிருந்துதான். ஜூன், ஜூலை மாதத்து உறைபனி இரவுகளில் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வற்றலாக்கி வைக்கிறார்கள். சூன்யோ என்று பெயர். வருஷக்கணக்கில் கெடாது. மலைச்சரிவு முழுக்க அடுக்கு வயல். ஒருவர் வயலில் இன்று நான், என் வயலில் நாளை அவர் என்று வேலையை மாற்றிக்கொள்ளும் ஐனி முறை. இவ்வளவு தெரிந்தவர்களை எப்படி வெள்ளந்தி என்று எழுத முடிகிறது?

கையில் காசு குறைவு என்பது உண்மை. ஏன் குறைவு என்பதைத்தான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும். ஏரிக்கரையில் உள்ள புனோ நகரில் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் ஓர் இரவுக்குப் பணம் கட்டித்தான் நானும் தீவுக்குப் போனேன். மறுநாள், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், அதில் உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று மாமாயிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகை நான் கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். அடுத்த இரண்டு இரவுக்கான பணத்தை நேராக அவர் கையிலேயே கொடுத்தேன். விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரிப்பது அங்கே வழக்கம் என்பதால், ஊர்த் தலைவரைக் கேட்டுவிட்டுத்தான் என்னை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பக்கத்து வீட்டுக்காரரின் முறையைப் பறித்ததாக ஆகிவிடக் கூடாதாம்.

பக்கத்துத் தீவான தக்கீலேவின் கதையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் கெச்சுவா தீவுதான். ஆண்கள் குல்லாய் பின்னுவதும் பெண்கள் நெய்வதுமான அவர்களின் துணிக்கலையை 2005-இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. பண்ணையார்களிடம் இருந்த தங்கள் தீவையே அந்த மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கொடுத்து மீட்டார்கள். 1970-களின் கடைசியில் பயணிகள் வரத் தொடங்கியபோது தாங்களே படகு கட்டி, தாங்களே ஓட்டினார்கள். 1990-களில் படகுப் போக்குவரத்தில் அரசு போட்டியைத் திறந்துவிட்டதும் நகரத்து நிறுவனங்களின் வேகப் படகுகள் வந்தன; அந்த வருமானத்தில் பெரும்பங்கு கைவிட்டுப் போனது. சிரிப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இது கண்ணில் படாது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் புனோ துறைக்குப் போய்த் தீவுக்காரர்களின் படகிலேயே ஏறுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். தங்கும் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வேண்டாம். அரிசி, எண்ணெய், பழம் வாங்கிப் போங்கள், தீவில் அவை விளைவதில்லை. ஒரே இரவில் திரும்பிவிடாதீர்கள். முதல் இரவு மூச்சு முட்டலிலேயே கழிந்துவிடும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போடுங்கள். அமந்தானி மக்கள் பேசுவது கெச்சுவா மொழி என்று பெயர் சொல்லிப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மாமாயின் மகனுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். அவர்கள் மொழியின் பெயர் தமிழ் எழுத்தில் எப்படி இருக்கும் என்று கிளம்புகிற அன்று மாமாய் கேட்டார். படகு கிளம்பிவிட்டதால் எழுதிக் கொடுக்க முடியாமல் போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
மதுரை